ஹெபடைடிஸ் சி: ஆன்டிபாடி சோதனையா, ஆர்.என்.ஏ. சோதனையா?

வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டில் ‘ஹெச்.சி.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்’ (ஹெச்.சி.வி. என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ்) என்று வந்துவிட்டால், கல்லீரலே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடம்பு தயாரித்த புரதம். அது இருந்தால், வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு, சிகிச்சை இல்லாமலே 6 மாதத்துக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது. அவர்களுக்கும், மருந்தில் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி பல வருடம் பாசிட்டிவாகவே வரும். இந்தச் சோதனைக்குச் செலவு குறைவு, ரேபிட் கிட்டில் அரை மணிக்குள் முடிவு தெரியும். ஈறில் தடவியெடுக்கும் நீரை வைத்துப் பார்க்கும் கிட்டும் உண்டு. முதல் சல்லடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தொற்றிய முதல் இரண்டு மாதம் இது தவறவிடலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் சில சமயம் அப்படி நடக்கும்.

ஆர்.என்.ஏ. சோதனை வைரஸையே, அதாவது அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை, தேடுகிறது. தொற்றிய 1-2 வாரத்திலேயே காட்டிவிடும். செலவு கூடுதல்தான். ஆனால் மாத்திரை தொடங்க வேண்டுமா, முடித்தபின் குணமாகிவிட்டதா என்ற இரண்டுக்கும் இதுதான் பதில்.

பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகும் நோய் இது. 2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். சரி, எங்கே கேட்பது? வண்ணாரப்பேட்டை, ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. பாசிட்டிவ் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.