எது முதலில் படுக்கும்? சென்னை வீட்டுக்கு மூன்று கன்சோல்கள்

டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் கிராஃபிக்ஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். எந்தப் பாகம் முதலில் போகும், போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. சென்னையில் அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும் என்பது என் கட்சி. இங்கே கத்திரி வெயில் உண்டு, உப்புக் காற்று உண்டு, கரன்ட் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவதும் உண்டு. சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் (எக்ஸ், எஸ் என்று இரண்டு மாடல்), நிண்டெண்டோ ஸ்விட்ச் மூன்றையும் இந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்ப்போம்.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-ஐ விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2005 நவம்பரில் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் வந்தது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் கதை முடிந்தது. கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி விரிசல் விட்டன. ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடுகாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். உள்ளே விரிசல் இருப்பதால் திரும்பப் படுக்கும். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரன்டியை மூன்று ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளுக்கு இங்கே இன்னொரு தொல்லையும் இருந்தது: அவற்றின் பவர் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது. ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் அடாப்டர் காலி.

அந்தச் சிவப்பு விளக்குப் பழுது வடிவமைப்பிலேயே இருந்த கோளாறு. எல்லா அறிமுகக் கூச்சலும் அப்படியல்ல. 2013 நவம்பரில் பிஎஸ்4 வட அமெரிக்காவில் ஒரே நாளில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. நீல விளக்கு மின்னி அணைந்த பெட்டிகள் பற்றிப் புகார் குவிந்தபோது, பழுது 0.4 சதவீதத்துக்கும் குறைவு என்றது சோனி. 10 லட்சத்தில் 0.4 சதவீதம் என்றாலே 4,000 பேர். 4,000 பேர் ஒரே வாரத்தில் வீடியோ போட்டால் உலகமே பற்றியெரிவது போலத்தான் தெரியும். 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து புகை வருவதாகப் பரவிய வீடியோக்களோ இன்னும் மோசம்: வேப் (இ-சிகரெட்) புகையைப் பெட்டிக்குள் ஊதி எடுத்தவை. ஆகவே முதல் மாதச் சத்தத்தை வைத்து நான் எதையும் எடைபோடுவதில்லை. இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அதே புகார் வந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் சிக்குவது பெட்டியே அல்ல, கன்ட்ரோலர். கையை எடுத்த பிறகும் ஆள் தானாக நகரும் டிரிஃப்ட். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பூச்சு மேல் ஓர் உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கிறது. பூச்சு தேயத் தேய நடுப்புள்ளி நகர்ந்துவிடுகிறது. சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் வழக்கமான கன்ட்ரோலர்களில் வைப்பது ஏறத்தாழ ஒரே வகை ஸ்டிக்தான். இதில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது வீண். ஸ்விட்ச்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானில் இருக்கும் ஸ்டிக் இன்னும் ஒல்லியானது, இன்னும் சீக்கிரம் தேய்வது. அமெரிக்காவில் 2019-இல் வழக்கு வந்தது, 2020-இல் நிண்டெண்டோ தலைவர் ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார், அங்கே இலவசமாகச் சரிசெய்தும் கொடுத்தார்கள். இந்தியாவில் நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக ஸ்விட்ச்சை விற்பதே இல்லை என்பதால் நமக்கு அந்தக் கதவு கிடையாது. காந்தத்தால் வேலை செய்யும், உரசலே இல்லாத ஹால் சென்சார் ஸ்டிக்கை சேகா 1998-லேயே ட்ரீம்காஸ்ட்டில் கொடுத்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் போயும் 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல்கூட அது இல்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்.

சரி, வெயிலுக்கு வருவோம். பிஎஸ்5, ஸ்விட்ச் இரண்டுக்கும் அவற்றின் நிறுவனங்கள் சொல்லும் அதிகபட்ச அறை வெப்பம் 35 டிகிரி. மே மாத மதியத்தில் ஏசி இல்லாத மொட்டைமாடி அறை அதைச் சுலபமாகத் தாண்டும். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கிறது. அவ்வளவும் அறைக்குள்தான் சூடாக இறங்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 100 வாட்டுக்குள் முடித்துக்கொள்கிறது, டிஸ்க் டிரைவும் இல்லாததால் கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு. தூசி விஷயத்தில் பிஎஸ்5 முந்துகிறது: பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் தூசி சேரும் குழிகள் தெரியும், வாக்குவம் வைத்து உறிஞ்சிவிடலாம். எக்ஸ்பாக்ஸில் அந்த வசதி இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஏசி காயில் எப்படி அரிக்கிறது என்று பார்த்தவர்கள் எந்தப் பெட்டியையும் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்க மாட்டார்கள். கரன்ட் போனால் ஸ்விட்ச் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டுக்கும் யுபிஎஸ் தேவை, கேம் சேமித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் அணைவது நல்லதல்ல.

என் முடிவு இதுதான். ஏசி இல்லாத அறை என்றால் சீரிஸ் எஸ். ஏசி அறையும் டிஸ்க் வாங்கி விற்கும் பழக்கமும் இருந்தால் பிஎஸ்5, அதிலும் முதல் மாடலைத் தேடாமல் 2023 இறுதியில் அறிமுகமான ஸ்லிம். ஸ்விட்ச் வேண்டும் என்றால் விலையோடு ஒரு ஜோடி ஹால் ஸ்டிக்கின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாற்றும் வேலை கடினமல்ல, கை பழகியவர் சீக்கிரம் முடித்துவிடுவார்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் கடையிலேயே டிவியில் மாட்டி ஓடவிடச் சொல்லுங்கள். டிவி கேபிள் செருகும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டார்ச் அடித்து முள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் வைத்து மெனு தானாக நகர்கிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம் பெட்டியின் சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.