துளையா, திரியா, தானே இறங்கும் நீரா? மண்ணில்லாத் தொட்டிகளில் வேரழுகலைத் தடுப்பது எது

மண்ணும் இல்லாமல், மோட்டாரும் இல்லாமல், தொட்டியின் அடியில் நிற்கும் ஊட்டக் கரைசலை மட்டும் நம்பிச் செடி வளர்க்கும் முறைகள் சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் இடம்பிடித்து வருகின்றன. இவற்றைப் பரிந்துரைப்பவர்கள், இனித் தண்ணீர் அதிகமாகிவிடுமோ என்று பயப்படவே வேண்டாம் என்கிறார்கள். அது பாதி உண்மைதான். மண் தொட்டியில் நாம் ஊற்றும் அளவும் இடைவெளியும் தவறினால் செடி கெடுகிறது. இங்கே தண்ணீர் எப்போதும் இருந்துகொண்டே இருப்பதால், எவ்வளவு ஊற்றினோம் என்பது பெரிதில்லை. ஊற்றிய நீர் எந்த உயரத்தில் நிற்கிறது, வேரைச் சுற்றிக் காற்றுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பவையே முக்கியம். பரவலாகக் கையாளப்படும் நான்கு முறைகளை இங்கே அந்த ஒரே அளவுகோலால் ஒப்பிடுகிறேன்: நீர்மட்டம் எல்லை மீறாமல் காப்பது எது, அந்தக் காப்பு எப்போது தோற்கும்?

வேர் நனைவதால் அழுகுவதில்லை. மூச்சுவிட முடியாமல் போவதால் அழுகுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீருக்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. போதாக்குறைக்கு, நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனும் குறைகிறது: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் வேரின் சுவாசத் தேவையோ கூடுகிறது. பித்தியம் போன்ற வேரழுகல் நுண்ணுயிரிகளில் சில அந்த வெதுவெதுப்பில்தான் வேகமாகப் பெருகுகின்றன. குளிர்நாட்டு வீட்டு அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகள் நம் ஊர் மே மாதத்துப் பால்கனிக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுவே. நெற்பயிர் தண்ணீரில் நின்றும் செழிக்கிறதே என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றை மேலிருந்து கீழே கொண்டுசெல்லும் இடைவெளித் திசு உண்டு. மணிபிளாண்ட் போன்ற செடிகள் ஈரத்துக்குள் புதிதாக விடும் வேர்கள் அந்தச் சூழலுக்கு ஏற்பவே அமைகின்றன. மண்ணில் வளர்ந்த பழைய வேர்களுக்கு அந்த வசதி இல்லை.

முதலில் துளையிட்ட தொட்டி. அமெரிக்க ஆர்க்கிட் வளர்ப்பாளர் ரே பார்க்கலோ ‘செமி ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரில் பரப்பிய இந்த முறையில், அடியில் துளையில்லாத ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் சிறு துளைகள் இடப்படுகின்றன. தொட்டி முழுக்கச் சுட்ட களிமண் உருண்டைகள், அதாவது கடைகளில் லெக்கா என்று கிடைப்பவை, நிரப்பப்படுகின்றன. மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் துளைக்கு மேற்பட்ட நீர் வெளியே வழிந்துவிடும். கீழே நிற்பது எப்போதும் அதே இரண்டரை சென்டிமீட்டர்தான். உருண்டைகளின் மேற்பரப்பு வழியாக ஈரம் மெல்ல மேலேறுகிறது. உருண்டைகளுக்கு இடையிலான பெரிய இடைவெளிகளை நீரால் நிரப்பிவைக்க முடியாததால் அங்கே காற்று தங்குகிறது. நான்கு முறைகளில் ஊற்றுபவரின் கையை நம்பாத முறை இது ஒன்றே. செடியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குவளை ஊற்றாமல் நகர முடியாதவர்களுக்கும், ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துச் செல்பவர்களுக்கும் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் இதைத் தோற்கடிக்கவும் வழிகள் உண்டு. முதலாவது, அழகுக்காகத் தொட்டியைப் பீங்கான் வெளித்தொட்டிக்குள் இறக்கிவைப்பது. வழிந்த நீர் வெளித்தொட்டிக்குள் தேங்கித் துளைக்கு மேல் உயர்ந்துவிட்டால், துளை இருந்தும் இல்லாத நிலைதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டாவது, உருண்டைகளைச் சரியாகக் கழுவாமல் நிரப்புவது. பையைத் திறந்ததும் கையில் ஒட்டும் அந்தச் செம்மண் நிறத் தூள் அடியில் சேறாகப் படிந்து துளையை அடைக்கிறது. கழுவும் நீர் தெளிவாக வரும் வரை அலசி, ஒரு நாள் ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, வேரே வளர்ந்து துளையை அடைத்துக்கொள்வது. ஊற்றியதும் துளையிலிருந்து நீர் பளிச்சென்று பாய வேண்டும். கசிந்து கசிந்து வந்தால் ஒரு குச்சியை விட்டுத் துளையைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மண்ணிலிருந்து லெக்காவுக்கு மாற்றிய முதல் சில வாரங்களில் பழைய வேர்களில் ஒரு பகுதி எப்படியும் மடியும். அதைக் கண்டு முறையையே கைவிடுபவர்கள் பலர். வேரில் ஒட்டிய மண்ணை முற்றிலும் அலசிவிட்டு, வேர்நுனி தேங்கிய நீரைத் தொடாத உயரத்தில் செடியை நிறுத்தி, புதுவேர்கள் தாமாக ஈரத்தைத் தேடி இறங்க விட்டால் இழப்பு குறையும்.

அடுத்தது திரி முறை. மேல் தொட்டியில் கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் எனும் எடை குறைந்த வெண்ணிறப் பாறைத் துகளும் கலந்த ஊடகம் (மண்ணுக்குப் பதிலாக வேரைத் தாங்கும் பொருள்), கீழே கரைசல் தொட்டி, இரண்டையும் இணைக்கும் நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு என்பதே இதன் அமைப்பு. பருத்தித் திரி சில வாரங்களில் மட்கிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இந்தத் திரியும் நுண்புழை ஈர்ப்பால் நீரை மேலேற்றுகிறது. ஊடகம் காய்ந்தால் அதிகம் இழுக்கும், நனைந்திருந்தால் குறைத்துக்கொள்ளும் என்பதால் செடி தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று இதைப் புகழ்வார்கள். இந்தப் புகழ்ச்சியை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. திரி குறைத்துக்கொள்வது செடியின் தேவையைப் பார்த்து அல்ல, ஊடகத்தின் ஈரத்தைப் பார்த்து. கோகோபீட் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் பொருள். அதன் நுண்ணிய துளைகளில் தேங்கும் நீர், புவியீர்ப்பை மீறித் தொட்டியின் அடியிலிருந்து கணிசமான உயரம் வரை நிற்கும். தொட்டி குட்டையாக இருந்தால் ஏறக்குறைய வேர்ப்பகுதி முழுவதும் அந்தச் சதுப்புக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாள்கணக்கில் மூடிய வானமும் ஈரக்காற்றுமாக இருக்கும்போது இலை வழியே நீர் வெளியேறுவது வெகுவாகக் குறைந்துவிடும். திரியோ ஊடகத்தை நிறைத்தபடியே வைத்திருக்கும்.

இன்னொரு பொறியும் கோகோபீட்டில் இருக்கிறது. மேற்பரப்பு காய்ந்ததும் கரும்பழுப்பிலிருந்து வெளிர்பழுப்புக்கு மாறிவிடும். விரலால் கீறினால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே பிழிந்தால் சொட்டும் ஈரம் இருக்கும். அந்த வெளிர்நிறத்தை நம்பி மேலேயும் ஊற்றுபவர், கீழிருந்து திரியும் மேலிருந்து தானுமாக இருபுறமும் வேரை மூழ்கடிக்கிறார். திரி முறையையே விரும்புபவர்கள் கோகோபீட்டைப் பாதியாகக் குறைத்து மீதியைப் பெர்லைட்டால் நிரப்ப வேண்டும். அகலத்தைவிட உயரம் கூடிய தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கீழ்த்தொட்டி காலியானதும் உடனே நிரப்பாமல் சில நாள் வெறுமையாக விட வேண்டும். மேல்தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் ஈரத்தை மதிப்பிடுவது எந்தக் கருவியையும்விட நம்பகமானது. வீடு மாறியபின் கழற்றி மாட்டவும் எளிது, செலவும் குறைவு என்பதால்தான் இந்த முறை நிலைத்திருக்கிறது.

மூன்றாவது, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய, அவர் பெயராலேயே அறியப்படும் முறை. மூடிய பெட்டியில் கரைசலை நிரப்பி, மூடியில் பொருத்திய வலைக்கிண்ணத்தில் நாற்றை நிறுத்துகிறோம். தொடக்கத்தில் கிண்ணத்தின் அடி மட்டும் கரைசலைத் தொடும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்குகிறது. இறங்கிய இடைவெளியில் ஈரக்காற்றில் தொங்கும் வேர்கள் கிளைத்துக் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன, நுனிவேர்கள் நீரையும் ஊட்டத்தையும் எடுக்கின்றன. லெட்யூஸ் எனும் சாலட் கீரைச் செடி ஒன்று அறுவடை வரை ஏறத்தாழ 4 லிட்டர் கரைசலில் வளர்ந்துவிடும் என்ற கணக்கில், இடையில் நிரப்பவே தேவையில்லாதபடி வகுக்கப்பட்ட முறை இது.

தண்ணீர் குறைவதே இங்கே மருந்து. ஆனால் மட்டம் பாதியாக இறங்கியிருப்பதைப் பார்க்கும் மனம் அதைக் குறையாகவே எண்ணுகிறது; பெட்டியை மீண்டும் விளிம்புவரை நிரப்பிவிட்டால் காற்றுக்குப் பழகிய வேர்கள் ஒரே நாளில் நீருக்குள் மூழ்கி, செடி இரண்டு மூன்று நாளில் துவள்கிறது. நிரப்பியே ஆக வேண்டுமானால், காற்றில் தொங்கும் வேர்களில் பெரும்பகுதி வெளியே நிற்கும்படி, அடியில் ஒரு பங்கு மட்டும் சேர்க்கலாம். திறந்த பால்கனியில் மழைநீர் மூடியின் இடுக்கு வழியாக இறங்கி இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். கோடையில் நேர்வெயில் படும் கறுப்பு வாளியில் கரைசல் சூடாவதும் பெரும் இடர். வெயில் நேரடியாகப் படாத இடமும், மீன் கடைகளில் பழையதாகக் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியும் இதற்குப் போதும். அகன்ற நீர்ப்பரப்பு இருப்பதால் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடமாகவும் இது ஆகிவிடக்கூடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும் என்பதால், கிண்ணத்தைச் சுற்றிய ஒவ்வொரு இடுக்கையும் வலைத்துணியால் அடைப்பது தவிர்க்க முடியாதது. லெக்காவில் நீர்ப்பரப்பு உருண்டைகளுக்கடியில் மறைந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. திரி முறையின் கீழ்த்தொட்டிக்கு இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்காவது, நீர்மட்டம் காட்டும் மிதவைக் குழாயோடு வரும் ஹைட்ரோகல்ச்சர் தொட்டி. அலுவலக வரவேற்பறைகளுக்கு ஏற்ற முறை. உள்தொட்டியில் லெக்காவும் செடியும். வெளித்தொட்டி நீர் கசியாதது. மிதவை குறைந்த அளவு, உகந்த அளவு, உச்ச அளவு என மூன்று குறிகளில் ஒன்றைக் காட்டும். குறி அடியைத் தொட்டதும் இரண்டொரு நாள் பொறுத்து, உகந்த அளவு வரை மட்டும் ஊற்ற வேண்டும். உச்சக்குறி நெடுநாள் ஊரில் இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டியது; வாராவாரம் அதுவரை நிரப்புபவர்கள் அதை இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். உப்பு படிந்தோ வேர் புகுந்தோ மிதவை அடியிலேயே சிக்கிக்கொண்டால், நிரம்பிய தொட்டியும் காலியாகவே தெரியும். ஊற்றுவதற்கு முன் குழாயை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது. வெளியேறத் துளையே இல்லாத இந்தத் தொட்டியை மழை படும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஊட்ட உப்பு சேர்வது நான்கிலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இன்னும் விரைவாகவே சேரும். அந்த உப்பால் இலை நுனி கருகுவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். துளைத்தொட்டியில் மாதம் ஒருமுறை மேலிருந்து நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி அலசிவிட்டால் உப்பு துளை வழியே போய்விடும். திரித்தொட்டியில் உப்பு மேற்பரப்பில் வெள்ளைப் பொருக்காகத் திரளும். அதைக் கழுவ வேண்டுமானால் தொட்டியைக் கழற்றித் தனியே அலசி வடியவிட வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், வீட்டுக்குள் வளரும் மணிபிளாண்டுக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்கும் துளைத்தொட்டியே முதலிடம். ஆர்க்கிட்டுக்கு ஒளி ஊடுருவும் தொட்டியானால் இன்னும் நல்லது: வேர் நனைந்திருக்கையில் பச்சையாகவும் காய்ந்ததும் வெள்ளிச் சாம்பல் நிறமாகவும் தெரிவதால் ஊகத்துக்கே இடமில்லை. பாம்புக் கற்றாழை, இசட்.இசட். செடி போன்றவற்றையும் லெக்காவில் வளர்க்கலாம். துளையை இன்னும் கீழே இட்டு, தேங்கிய நீர் முற்றிலும் வற்றிச் சில நாள் கழிந்த பிறகே ஊற்ற வேண்டும். அவற்றைத் திரியில் வைப்பதை நான் எந்தக் காலத்திலும் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதும் ஈரம் விரும்பும் பீஸ் லில்லிக்கும் பெரணிக்கும் திரி பொருந்தும். லெட்யூஸ், துளசி போன்ற குறுகிய காலப் பயிர்களுக்குக் கிராட்கி முறையை மிஞ்சியது இல்லை. ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிக்கு அது ஏற்றதல்ல.

எந்த முறையானாலும், நீர் இருக்கும்போதே செடி துவண்டால் உடனே வேரைப் பார்க்க வேண்டும். கோகோபீட்டின் சாயத்தால் வேர் பழுப்பாகத் தெரிவது இயல்பு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. சந்தேகமான வேரை விரல்களுக்கிடையே மெல்ல உருவினால், அழுகியதாக இருந்தால் புறத்தோல் உறைபோலக் கழன்று நூல் போன்ற நடுஇழை மட்டும் நிற்கும், நாற்றமும் அடிக்கும். லெக்காவிலும் திரியிலும் அத்தகைய வேர்களை வெட்டி நீக்கி, ஊடகத்தை அலசி, புதுவேர் வரும் வரை கரைசலின் செறிவைப் பாதியாகவும் நீர்மட்டத்தை வேருக்குக் கீழாகவும் வைத்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகள் மீளும். கிராட்கி பெட்டியில் அழுகிய கீரையைக் காப்பாற்ற முயல்வது வீண்வேலை. கரைசலைக் கொட்டி, பெட்டியைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி நன்றாகக் காயவைத்துப் புதிய நாற்றை வைப்பதே விரைவான வழி.