பவளப்பாறை மாடல்: தெர்மாகோலா, உப்பு மாவா, உல்லனா, காகிதக் கூழா?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பவளப்பாறை என்றதும் கடைக்காரர் எடுத்து நீட்டுவது தெர்மாகோல். வீட்டில் சொல்வது உப்பு மாவு. இணையத்தில் தேடினால் உல்லன் பின்னல். பாட்டிமார்களைக் கேட்டால் காகிதக் கூழ். கோத்தகிரியில் எட்டாவது படிக்கும் என் அக்கா மகளுக்காக நான்கையும் அலசினோம். எதைச் செய்தால் பவளம் பிள்ளைக்குப் புரியும் என்பதே என் கணக்கு.

தெர்மாகோலை உடனே தள்ளிவிட்டேன். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் வெட்ட வெட்ட உதிரும் மணிகள் காற்றில் பறந்து ஓடைக்குப் போகும். நம் மலை ஓடைகள் பவானியில் கலந்து, காவிரி வழியாகக் கடலுக்குத்தான் போகின்றன. கடலைப் பற்றிப் படிக்க அதையா வெட்டுவது?

உப்பு மாவுக்கு இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் போதும். மூளைப் பவளத்தின் நெளிவுகளைக் கரண்டிக் காம்பால் கீறினாலே அழகாக வரும். மதுரை, திருச்சிப் பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு ஈரத்தை இழுத்து, காய்ந்த மாடலும் பிசுபிசுக்கும். அப்புறம் பூஞ்சை.

உல்லன் வேறு ரகம். 1997இல் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர், ஓரம் போகப்போக விரிந்து நெளியும் பரப்புகளின் கணிதத்தைக் கையில் தொட்டுக் காட்டக் குரோஷா (கொக்கி ஊசிப்) பின்னலைப் பயன்படுத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் 2005இல் பவளப்பாறையையே பின்னத் தொடங்கினார்கள். வழி எளிது: ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பின்னல் கண்ணுக்கு ஒரு கண் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சில சுற்றுகளில் ஓரம் தட்டையாக இருக்க இடமில்லாமல் கொசுவம் போல மடிந்து நெளியும். முட்டைக்கோஸ் இலை போல விரியும் பவளங்களின் வடிவம் இதுதான். சிறிய இடத்தில் அதிகப் பரப்பு. வெளிச்சமும் இரையும் பிடிக்கத் தோது. படத்தைப் பார்த்து இது விளங்காது, பின்னிய விரலுக்கு விளங்கும். குறை என்னவென்றால், கைக்கு மெத்தென்று இருப்பதால் பார்க்கிறவர் பவளத்தைச் செடி என்றே நினைப்பார். கடையில் கிடைக்கும் மலிவு உல்லனும் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நூல் மேல்.

என் ஓட்டு காகிதக் கூழுக்கு. முறத்துக்குப் பூச அரைப்பது போலத்தான்: பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்துச் சேர்த்து அரைக்க வேண்டும். உள்ளே கம்பி வேண்டாம். கவாத்து செய்த தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் கிளை ஒன்று போதும். அதன் முறுக்கும் கவட்டையும் மான்கொம்புப் பவளத்துக்கு அப்படியே பொருந்தும். கூழைப் பூசி, ஈரம் இருக்கும்போதே ஈர்க்குச்சியால் நெருக்கமாகக் குத்தினால் குழிகள் விழும். ஒவ்வொரு குழியும் ஒரு பாலிப்பின் வீடு; பவளத்தைக் கட்டும் சின்னஞ்சிறு விலங்குதான் பாலிப். விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் காய்ந்துவிடும்.

அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். (பெரியவர்கள்தான் அடிக்க வேண்டும், கையும் கண்ணும் பொத்துப்போகும்.) சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. பவளத்தின் எலும்புக்கூடும் அதே பொருள். மற்ற மூன்றிலும் இந்த உண்மை கிடைக்காது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவே பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளைக் கிளைமேல் பழுப்பும் பச்சையுமாக மெல்லிய வண்ணத்தாள் சுற்றிவைத்தால், வெளுப்பையும் காட்டலாம். பவளத்தின் சதை கிட்டத்தட்ட நிறமற்றது. அதற்குள் வாழும் நுண்பாசிகள்தான் நிறமும் தருகின்றன, பெரும்பங்கு உணவும் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசிகள் வெளியேறிவிடும். தாளை உருவினால் அடியிலிருந்த வெள்ளை தெரியும்.

"வெளுத்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமா சித்தி?" என்று கேட்டாள். உடனே இல்லை. சூடு தணிந்தால் பாசிகள் திரும்பலாம். நீடித்தால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படி வெளுத்தது. விளக்க அட்டையில் ஆஸ்திரேலியப் பவளப்பாறைக்குப் பதில் இதை எழுதச் சொன்னேன். மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் வந்ததையும், 2001 முதல் கடினப் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாப்பு உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

கூழ் காய ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். அவ்வளவு நாள் இல்லை, வீட்டில் குரோஷா தெரிந்தவர் இருக்கிறார் என்றால் உல்லனுக்குப் போங்கள். பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு தேயிலைக் குச்சியை மட்டும் வைத்துவிடுங்கள்.