மெமன்டின் மாத்திரை: மறதி நோய்க்கு வந்தது, மற்ற நரம்பு நோய்களுக்கு எப்படி?

ஆல்சைமர் நோய்க்காக ஐரோப்பாவில் 2002-இலும் அமெரிக்காவில் 2003-இலும் அனுமதி பெற்ற மருந்து மெமன்டின். இன்று மறதியே இல்லாத பலருடைய சீட்டிலும் இது இருக்கிறது. விடாத மைக்ரேன், கண்மணி தானாக ஆடும் நிஸ்டாக்மஸ், மூளைக்குக் கதிர்வீச்சு என்று காரணங்கள் பல. நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட் மிதமிஞ்சும்போது, அது வந்து ஒட்டும் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைப்பது இதன் வேலை. குளுட்டமேட் தொல்லை தரும் நோய்க்கெல்லாம் இது உதவும் என்பது காகிதத்தில் சரியான கணக்குதான். நடைமுறையில் நோய்க்கு நோய் பலன் அடியோடு மாறுகிறது.

மைக்ரேனுக்கு முயன்று பார்க்கலாம். ஈரானில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 10 மி.கி. எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தலைவலி வரும் தடவைகள் குறைந்தன. ஆய்வு சிறியது. ஆனால் வழக்கமான மைக்ரேன் தடுப்பு மருந்துகளில் டோபிரமேட்டால் சொல் தடுமாறுபவர்களுக்கும் அமிட்ரிப்டிலினால் எடை ஏறுபவர்களுக்கும் இன்னொரு வழி இருப்பதே பெரிய விஷயம். வலி வந்த அன்று மட்டும் ஒன்று போட்டுவிட்டு, கேட்கவில்லை என்று ஒதுக்காதீர்கள். இது தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து. தொடங்கும் முன் ஒரு மாதம் காலண்டரில் வலி நாட்களைக் குறித்து வையுங்கள். மூன்றாம் மாத முடிவில் அந்தத் தாளோடு ஒப்பிட்டால்தான் பலன் தெரியும்.

மிகவும் யோசிக்க வேண்டிய இடம் நிஸ்டாக்மஸ். நாளிதழின் ஒரு வரியைப் படிக்கப் போனால் எழுத்துகள் ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் போகும். அந்த ஆட்டத்தை மெமன்டின் நன்றாகவே தணிக்கிறது. ஆனால் ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 40 மி.கி. வரை போகிறது, அதாவது ஆல்சைமருக்கான 20 மி.கி.யைப் போல இரு மடங்கு. இப்படிக் கண் ஆடுபவர்களில் பலருக்கு அடிப்படை நோய், நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு மெமன்டின் 30 மி.கி. கொடுத்த ஸ்பெயின் ஆய்வு ஒன்று, நரம்புக் குறைகள் மோசமானதால் பாதியில் நின்றது. 2009-இல் அது வெளியானது. மருந்தை நிறுத்தியதும் சரியானது என்பது ஆறுதல். எனவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் கண் ஆட்டத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான கபாபென்டினைப் பற்றி முதலில் கேளுங்கள். மெமன்டின்தான் என்றால் கால் கனப்பதையும் நடை தளர்வதையும் நோய் முற்றுவதாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு, சிகிச்சை தொடங்கிய 3 நாட்களுக்குள் ஆரம்பித்து 24 வாரம் கொடுக்கும் முறை உண்டு. 2013-இல் வெளியான ஆய்வில் முதன்மை அளவீட்டில் தெளிவான வெற்றி இல்லாவிட்டாலும், சிந்தனைத் திறன் சரிவது தள்ளிப்போனது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோய்க்கு இதை நம்ப வேண்டாம்: பிரிட்டனின் எம்.என்.டி. ஸ்மார்ட் ஆய்வில் பலன் இல்லாததால் 2023-இல் மெமன்டின் பிரிவை மூடிவிட்டார்கள்.

எடுக்கும் முறை எளிது. முதல் வாரம் 5 மி.கி., பிறகு வாரத்துக்கு 5 மி.கி. கூட்டி, டாக்டர் சொன்ன அளவில் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். இதன் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம், 60 முதல் 80 மணி நேரம். ஒரு அளவு உடலில் முழுதாகச் சேர இரண்டு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் தலைசுற்றல் பின்னால் வந்து தாக்கும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். பல நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடராமல் டாக்டரைக் கேட்டு 5 மி.கி.யிலிருந்து ஏறுங்கள். தூக்கம் அழுத்தினால் இரவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மலச்சிக்கலும் வரும்.

பெரும்பாலும் தவறு நடப்பது மருந்துக் கடையில்தான். ஆல்சைமருக்கான இன்னொரு மருந்தான டோனெபெசில் சேர்ந்த கூட்டு மாத்திரையும் இங்கே கிடைக்கிறது. மைக்ரேன்காரருக்கு அது தேவையில்லை. டோனெபெசில் வயிற்றைக் கலக்கும், நாடித் துடிப்பைக் குறைக்கும். அட்டையின் பின்புறம் மெமன்டின் ஹைட்ரோகுளோரைடு என்ற ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு நாளுக்கு 10 மி.கி.தான் உச்சம். நீர்க்கடுப்புக்குச் சர்வசாதாரணமாகக் குடிக்கும் சிட்ரேட் சிரப்பும், சோடா உப்பும், அசெட்டசோலமைடு என்ற மருந்தும் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரத்தன்மையைக் கூட்டுகின்றன. காரத்தன்மையைக் காட்டும் அளவான பி.எச். சிறுநீரில் 8-ஐத் தொட்டால் மெமன்டின் வெளியேறுவது சுமார் 80 சதவீதம் குறைந்து, உடலிலேயே தேங்கும். திடீர்க் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் அந்த வாரம் வேறு என்ன குடித்தீர்கள் என்று யோசியுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் சிரப்பும், பார்கின்சனுக்குக் கொடுக்கும் அமன்டடினும் இதோடு சேரக்கூடாது.