பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் எது திறக்கும்?

டெஸ்க்டாப் மென்பொருள் வாங்குவது பற்றிய பேச்சு, மாதச் சந்தா அதிகமா, ஒரேயடியாக வாங்குவது லாபமா என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரே மென்பொருளை ஐந்து, பத்து ஆண்டுகள் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கணக்கு போதாது. பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் அது திறக்குமா, திறந்தால் எதுவரை வேலை செய்யும், அதுவரை செய்துவைத்த கோப்புகள் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் ஒரு உரிமத்தை எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரிய பெயர்கள் சில கீழே இறங்கும், யாரும் அதிகம் பேசாத சில மேலே ஏறும்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்தாலும் வேர்டும் எக்செல்லும் கணினியில் இருக்கும், திறக்கவும் செய்யும். கோப்பைப் படிக்கலாம், அச்செடுக்கலாம். திருத்தவோ புதிதாகத் தொடங்கவோ முடியாது. அதைவிட அதிகம் இடிப்பது, சந்தாவோடு வரும் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். 1 டிபி இடம் 5 ஜிபியாகச் சுருங்கும், அதற்கு மேல் வைத்திருப்பவர்களால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. கோப்புறையில் பெயர் தெரிவதால் கோப்பு கணினியில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது வட்டில் இல்லை, சர்வரில் மட்டுமே இருக்கிறது. சந்தாவை விடுவதற்கு முன் கோப்புறையை வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றிலும் பச்சை டிக் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒன்டிரைவுக்கு வெளியே வேறு வட்டில் நகலெடுக்க வேண்டும்.

அடோபியில் ஒரே சந்தாவுக்குள்ளேயே நிலைமை மாறும். புகைப்படங்களுக்கான லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா தீர்ந்தால், திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டப்படும். லைப்ரரி திறக்கும், படங்களை அடுக்கலாம், ஏற்கெனவே செய்த திருத்தங்களோடு ஏற்றுமதியும் செய்யலாம். இது நியாயமான ஏற்பாடு. போட்டோஷாப், ஓவியம் வரையும் இல்லஸ்ட்ரேட்டர், புத்தகப் பக்கம் கட்டும் இன்டிசைன் மூன்றிலும் அந்தச் சலுகை கிடையாது. கோப்பு உங்களுடையதுதான், ஆனால் திறக்கும் கருவி போய்விடும்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஜெட்பிரெயின்ஸ் கருவிகளின் உரிம முறையைப் பாராட்டியே ஆக வேண்டும். தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருந்தால், அந்த 12 மாதத்தின் தொடக்கத்தில் வெளியாகியிருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுக்கு. இதில் கவனிக்க வேண்டியது தொடக்கம் என்ற சொல். சந்தாவை விட்டால் கையில் இருக்கும் பதிப்பைத் தொடர முடியாது, ஓராண்டு பின்னால் போய்ப் பழைய பதிப்பை நிறுவ வேண்டும். அதற்கான இன்ஸ்டாலரை அந்த நேரத்திலேயே இறக்கி வைத்துவிடுவது நல்லது. நிரல் எழுதும் எடிட்டரான சப்ளைம் டெக்ஸ்டின் நான்காம் பதிப்பு இன்னும் எளிது: வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வெளியாகும் எல்லாப் புதுப்பிப்பும் கிடைக்கும், பிறகு பணம் கட்டாவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் வந்த கடைசிப் பதிப்பை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓட்டலாம். சந்தா முறையை நியாயப்படுத்தும் நிறுவனங்கள் இந்த இரண்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அப்படியானால் நிரந்தர உரிமம் வாங்கினால் நிம்மதியா? பாதி நிம்மதிதான். 2013 மே மாதம் அடோபி சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தபோது, அதன் நிரந்தர உரிமத் தொகுப்பான கிரியேட்டிவ் சூட் 6 (சிஎஸ்6) வைத்திருந்தவர்கள் பலர் அதையே ஆயுள் முழுக்க ஓட்டிவிடலாம் என்று இருந்தார்கள். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் என்ற பழைய வகை நிரல்களை அடியோடு நிறுத்தியது. சிஎஸ்6 தொகுப்பில் பல பகுதிகள் 32-பிட் என்பதால், இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்களுக்கு உரிமம் இருந்தும் மென்பொருள் ஓடவில்லை. நிரந்தரம் என்பது அந்தப் பதிப்புக்கும் அது ஓடும் இயங்குதளத்துக்கும் உட்பட்ட நிரந்தரம். உரிமத்தை இணையம் வழியே சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வர் இன்னொரு கண்ணி. அதே தொகுப்பின் பழைய பதிப்பான சிஎஸ்2வுக்கான சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத இன்ஸ்டாலரை உரிமம் பெற்றவர்களுக்கு அடோபி தந்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒருமுறை விலை என்று எழுதியிருந்தாலே நிரந்தரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2025 ஒரேயடியாகப் பணம் கட்டி வாங்குவதுதான், ஆனால் உரிமம் 3 ஆண்டுக்கு மட்டும். அதற்கு முந்தைய பதிப்புகள் அப்படியில்லை. பெட்டியின் முகப்பைப் பார்த்து வாங்கினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ஆஃபீஸை ஒருமுறை விலையில் வாங்குபவர்கள் தவறவிடும் விஷயம் ஆதரவுக் காலம். வாங்கிய நாளிலிருந்து கடிகாரம் ஓடுவதில்லை, பதிப்பு வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. ஆஃபீஸ் 2021க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை மட்டும். அதை 2024இல் தள்ளுபடியில் வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டே ஆண்டு ஆதரவு. 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை. ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள்: ஒருமுறை விலையை ஓராண்டுச் சந்தாவால் வகுங்கள். வரும் எண், ஆதரவு மிச்சமிருக்கும் ஆண்டுகளைவிடக் குறைவாக இருந்து, ஒரே ஆள் ஒரே கணினியில் வேலை செய்வதாக இருந்தால் வாங்கிவிடலாம். இரண்டு மூன்று கருவிகளில் வேலை, அல்லது குடும்பத்தில் ஐந்தாறு பேர் பயன்படுத்துவது என்றால் ஆறு பேர்வரை பகிரக்கூடிய ஃபேமிலி சந்தா எளிதாக முந்திவிடும். இதைச் சொல்லாமல் சந்தாவைத் திட்டிக்கொண்டே இருப்பது சரியில்லை.

சந்தாவில் உண்மையாகவே கோபம் வர வேண்டிய இடம் வேறு: ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம் என்ற ஏற்பாடு. திரையில் மாதத் தொகை பெரிதாகத் தெரியும், ஒப்பந்தம் ஓராண்டுக்கு. அடோபியில் இந்தத் திட்டத்தை முதல் 14 நாளுக்குப் பின் ரத்து செய்தால், மிச்ச மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை. நான்கு மாதம் கட்டி நிறுத்தினால் மீதி எட்டு மாதத்தில் பாதி, அதாவது நான்கு மாதக் கட்டணம் கூடுதலாகப் போகும். வேலை செய்யும் மென்பொருள் கையில் இருக்காது. இந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் பரிந்துரைக்க, அந்நாட்டு நீதித் துறை 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. ஒரு வேலைக்கு மட்டும் சில மாதம் தேவைப்படுபவர்கள், தொகை அதிகமாகத் தெரிந்தாலும் உண்மையான மாதத் திட்டத்தையே எடுக்க வேண்டும்.

இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் 365 முப்பது நாளுக்கு ஒருமுறையாவது சர்வரோடு பேசியாக வேண்டும். அடோபியின் ஆண்டுத் திட்டத்தில் இணையமில்லாமல் 99 நாள்வரை தாங்கும். நெடும்பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை இணையத்தில் இணைத்து மென்பொருளைத் திறந்து மூடிவிட்டால், நாள் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

விண்டோஸ் உரிமத்தில் குழப்பம் அதிகம், அதைத் தீர்ப்பதோ சுலபம். கமாண்ட் பிராம்ப்டை அட்மின் உரிமையோடு திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளை, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (/), டிஎல்ஐ என்று ஆங்கிலத்தில் தட்டினால் சிறு பெட்டி ஒன்று வரும். அதன் விளக்க வரியில் சேனல் என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள். ஓஇஎம் என்று தொடங்கினால் உரிமம் கணினியோடு வந்தது. மதர்போர்டு மாறினால் போய்விடும். ரீட்டெயில் என்றால் வேறு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் விண்டோஸ் 7, 8இலிருந்து இலவசமாக மேம்படுத்திய கணினிகளிலும் ரீட்டெயில் என்றே காட்டும். அங்கே தெரிவது எல்லோருக்கும் பொதுவான சாவி (உரிம எண்), அதை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் உரிமத்தைக் குறிக்கும் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்து, கீழே 259200 நிமிடத்துக்குள் ஒரு காலாவதிக் கணக்கும் தெரிந்தால், கணினி நிறுவன சர்வரிடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய 180 நாள் தவணையில் ஓடுகிறது. நிறுவனத்தின் கணினிக்கு அது இயல்பு. வீட்டுக்காகத் தனியே வாங்கிய கணினியில் அப்படித் தெரிந்தால், விற்றவர் உங்களுக்கு உரிமம் தரவே இல்லை.

அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் சாவிகள் பலவற்றின் பின்கதையும் இதுதான். ஏதோ ஒரு நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான கணினிகளுக்காகத் தரப்பட்ட வால்யூம் சாவி, துண்டு துண்டாக விற்கப்படுகிறது. முதல் நாள் ஆக்டிவேட் ஆகும், பச்சை டிக் தெரியும். எண்ணிக்கை தீர்ந்ததும், அல்லது மைக்ரோசாஃப்ட் அந்தச் சாவியை முடக்கியதும், அடுத்த முறை விண்டோஸை நிறுவும்போது ஏற்காது. ஆக்டிவேட் ஆவதும் உரிமம் இருப்பதும் வேறு வேறு. கணக்குத் தணிக்கை வரும் அலுவலகத்தில் டிக் செல்லாது, ரசீதுதான் செல்லும்.

பயன்படுத்திய உரிமத்தை மறுவிற்பனை செய்ய முடியுமா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும். ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், பயன்படுத்திய உரிமங்களை விற்ற யூஸ்டுசாஃப்டுக்கும் மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில் நிரந்தர உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், வரைபட மென்பொருளான ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது.

இனி கோப்புகள். எந்த உரிமத்திலும் நம்மைக் கட்டிவைப்பது கோப்பின் ஃபார்மட்தான், இதைச் சரிசெய்வது முழுக்க நம் கையில் இருக்கிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போது பிடிஎஃப் பொருத்தமுள்ள கோப்பாக உருவாக்கு என்றொரு டிக் வரும். கோப்பின் அளவைக் குறைக்கப் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் சேமித்ததை வேறு நிரலில் திறந்தால் ஓவியம் வராது, பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்டது என்ற ஒரே வாக்கியம் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப நிற்கும். அந்த டிக்கை எடுக்கவே கூடாது. இன்டிசைன் கோப்பின் மூல வடிவம் வெளியில் பெரும்பாலும் திறக்காது, அதனால் ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் வேறு நிரல்களும் படிக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவத்தில் ஒரு நகல் ஏற்றுமதி செய்து, பேக்கேஜ் வசதியால் எழுத்துருவையும் படங்களையும் அதோடு சேர்த்து வைக்க வேண்டும். அடோபிக்கு மாற்றான அஃபினிட்டி ஐடிஎம்எல்லைத் திறக்கும். ஆனால் அதன் முதல் இரண்டு தலைமுறைகளிலும் தமிழ் போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழாது; தமிழ்ப் புத்தகம் கட்டுபவர்கள் ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்க்காமல் மாறிவிடக் கூடாது. போட்டோஷாப் கோப்பில் அதிகபட்சப் பொருத்தம் என்பதை இயக்கி வைத்தால் வேறு நிரல்களில் முழுப்படமாவது தெரியும்; ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் சரிப்படுத்தும் அடுக்கும் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். முடிந்த வேலைக்கு 16-பிட் டிஃப் படக்கோப்பு ஒன்று தனியாக இருக்கட்டும்.

ஆட்டோகேட் வரைபடம் எந்தத் தலைமுறை என்று அறிய அந்த மென்பொருளே வேண்டாம். கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பையாக எழுத்துகள் வரும், அவற்றின் முதல் ஆறு எழுத்தை மட்டும் பாருங்கள். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013 வடிவம். ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான தனி மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை 2016 ஜனவரி 31உடன் நிறுத்தியது. ஆக அதற்கு முன் வாங்கிய பதிப்பை இன்னும் ஓட்டுபவர்களுக்கு 2018 வடிவக் கோப்பு திறக்காது. கையில் இருப்பது 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பானால், அனுப்புபவரிடம் 2013 வடிவத்தில் சேமித்துத் தரச் சொன்னால் தீர்ந்தது.

இலவச ஆஃபீஸ் தொகுப்பான லிப்ரெஆஃபீஸுக்கு மாறுபவர்கள் சொல்லும் முதல் குறை, வரிகள் இடம் மாறிப் பக்க எண்ணிக்கை கூடிவிட்டது என்பது. பெரும்பாலும் காரணம் எழுத்துரு. காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா என்று அதே அகலத்தில் செய்யப்பட்ட இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. நிறுவினால் பாதிப் பிரச்சினை அடங்கும். தானாக வேலை செய்ய எழுதிய விபிஏ மேக்ரோவும் தரவைத் திரட்டும் பவர் குவெரியும் நிறைந்த எக்செல் கோப்புகளுக்கு இந்த வைத்தியம் உதவாது. அவற்றை நம்பி நடக்கும் அலுவலகம் மாறாமல் இருப்பதே மலிவு.

இலவசம் என்ற சொல்லில் இன்னொரு பொறி உண்டு. ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் போன்ற திறந்தமூல நிரல்களை வீட்டிலும் தொழிலிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். கணினிக்குள் இன்னொரு இயங்குதளத்தை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை நிரலும் அப்படித்தான், ஆனால் அதோடு சேர்த்து நிறுவும் எக்ஸ்டென்ஷன் பேக் தொழில் பயன்பாட்டுக்கு இலவசம் இல்லை. நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப், நிறுவனங்களைப் பொறுத்தவரை 250க்குக் குறைவான ஊழியர்களும் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்குக் குறைவான வருமானமும் கொண்டவற்றுக்கு மட்டுமே இலவசம். இரண்டும் பொருந்த வேண்டும். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படலாம்.

சந்தாவைப் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, உங்கள் வேலையில் மிகச் சிக்கலான மூன்று கோப்புகளை அந்த மென்பொருள் இல்லாத கணினியில் மாற்று நிரலில் திறந்து பாருங்கள். அடுக்குகள், எழுத்துரு, இணைத்த படங்கள், சூத்திரங்கள் நான்கையும் சரிபார்த்து, எது உடைகிறது என்று எழுதி வையுங்கள். மாறுவது என்று முடிவானால், வட்டை அழிப்பதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் போய் டீஆக்டிவேட் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் இல்லாத கணினி ஒன்று உங்கள் உரிமத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதை விடுவிக்க வாடிக்கையாளர் சேவையிடம் ரசீதோடு போக வேண்டியிருக்கும்.