மாயாபஜார்: தெலுங்கா, தமிழா?

இயக்குநர் கே.வி. ரெட்டி 1957-ல் ஒரே கதையை இரு மொழிகளிலும் படமாக எடுத்தார். கிருஷ்ணர் என்.டி. ராமராவ், கடோத்கஜன் ரங்காராவ், இதில் மாற்றமில்லை. அபிமன்யு அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி. லட்சுமணகுமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. சிரிப்புக்கு என் ஓட்டு தங்கவேலுவுக்கே. 'கல்யாண சமையல் சாதம்' திருச்சி லோகநாதன் குரலில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தமிழை விட மனசே வராது.

ஆனாலும் முதலில் தெலுங்கைப் பாருங்கள். பிங்கலி நாகேந்திர ராவின் வசனத்துக்காகத்தான். நம்மவர்களை 'அசமதீயுலு', எதிரிகளை 'தசமதீயுலு' என்று கடோத்கஜனின் கூட்டம் பேசுகிற அழகே தனி.

சாவித்திரிக்கு எந்த மொழியானாலும் சரி. கடோத்கஜன் கதாநாயகியான அவள் உருவெடுத்த பிறகு அந்த நடையைக் கவனியுங்கள்: சேலைக்குள் ஓர் அரக்கனின் மிடுக்கு. மணவறையில் மாப்பிள்ளை லட்சுமணகுமாரனின் காலை மிதிக்கிறபோது அந்த முகம், அடடா!