பிறையில மேனேஜருங்களுக்கு நடத்துற ப்ராசஸ் சேஃப்டி கோர்ஸ்: காசுக்கு வொர்த்தா?

மலேசியா பினாங்குல பிறை இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு பக்கத்துல ஒரு ஹோட்டல் மீட்டிங் ரூம், ரெண்டு நாள் கோர்ஸ், மேனேஜர் டைரக்டர் ஆளுங்களுக்குன்னே போட்டது. நான் கெமிக்கல் பிளான்ட்ல ஷிப்ட் சூப்பர்வைசர், எங்க பிளான்ட் மேனேஜர் "நீங்களும் வாங்க, நாளைக்கு நான் ஒரு முடிவு எடுத்தா அத செய்யப்போறது நீங்கதானே"ன்னு கூட்டிட்டு போனாரு. ஆளுங்களுக்கு டிரெய்னிங் குடுக்க கம்பெனிங்க கட்டுற எச்ஆர்டி கோர்ப் லெவியில கிளைம் பண்ணிக்கலாம். சாப்பாடு பரவால்ல.

இது ஹெல்மெட் போடு, பூட்ஸ் போடுன்னு சொல்ற கோர்ஸ் இல்ல, ப்ராசஸ் சேஃப்டின்னா பிளான்ட்ல தீ, வெடிப்பு, கசிவு மாதிரி பெரிய விபத்து வராம தடுக்குறது. டிரெய்னர் ரிஃபைனரில ரொம்ப காலம் இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆரம்பமே அமெரிக்காவுல டெக்சாஸ் சிட்டி பிபி எண்ணெய் ரிஃபைனரி வெடிப்பு, 2005 மார்ச் 23, 15 பேர் செத்துட்டாங்க. அங்க வழுக்கி விழுறது, கை வெட்டிக்கிறது மாதிரி காயக்கணக்கு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சாம், மேல இருக்கவங்க அந்த நம்பர பாத்து எல்லாம் ஓகேன்னு நெனச்சுக்கிட்டாங்க, ஆனா அன்னைக்கு டவர்ல திரவ லெவல் ஏறுனத மீட்டர் ஒழுங்கா காட்டல, ரெண்டாவது ஹை லெவல் அலாரமும் அடிக்கல, பழைய புளோடவுன் டிரம்ம (மிஞ்சி வர்றத வாங்கி வாயுவ அப்படியே வெளிய விடுற தொட்டி) எடுத்துட்டு ஃபிளேர் (அந்த வாயுவ எரிச்சு விடுற குழாய்) போடுற யோசனை முன்னாடியே வந்தும் போடாமலே விட்டிருந்தாங்க. எங்க நோட்டீஸ் போர்ட்லயும் ஆக்சிடென்ட் இல்லாத நாள் எத்தனைன்னு பெருசா எழுதிதான் தொங்க விட்டிருக்கோம், அத நெனச்சா வயித்த கலக்குது.

அப்புறம் 1974 இங்கிலாந்து ஃபிளிக்ஸ்பரோ கெமிக்கல் பிளான்ட் வெடிப்பு, 28 பேர் செத்தாங்க. விரிசல் விட்ட ரியாக்டர கழட்டிட்டு அந்த இடத்துல தற்காலிகமா ஒரு பைப்ப மாட்டி ஓட்டுனாங்க, அந்த பைப்புக்கு இருந்த ஒரே டிராயிங் வொர்க்‌ஷாப் தரையில சாக்பீஸ்ல போட்டது. இந்த மாதிரி வேலைய பாக்க வேண்டிய வொர்க்ஸ் இன்ஜினியர் ஏற்கனவே வேலைய விட்டு போயிட்டாரு, பதிலுக்கு ஆளே எடுக்கல. அந்த காலி நாற்காலி மேனேஜ்மென்ட் முடிவுதானே, பைப்ப மாட்டுன ஃபிட்டர எப்படி குத்தம் சொல்றது?

ஆனா கோர்ஸோட உயிரே மொத நாள் மத்தியானம் வந்த ஒரு கேள்விதான். "உங்க பிளான்ட்ல இப்ப, இந்த நிமிஷம், எத்தன இன்டர்லாக் பைபாஸ்ல இருக்கு? பேப்பர்ல எழுதுங்க." இன்டர்லாக்குன்னா ஆபத்து வந்தா மெஷின தானா நிறுத்துற பாதுகாப்பு, பைபாஸ்னா அத வேல செய்யாம தற்காலிகமா தள்ளி வெச்சிருக்கிறது. யாருக்கும் போன் பண்ணக்கூடாது. ரூம்ல பேனா சத்தமே இல்ல. எங்க மேனேஜர் எழுதுன நம்பரும் எனக்கு தெரிஞ்ச நம்பரும் வேற. டீ பிரேக்ல அவரு நேரா கார் பார்க்குக்கு போய் கன்ட்ரோல் ரூமுக்கு கூப்பிட்டு ஒவ்வொன்னும் யார் கையெழுத்து, எப்ப எடுப்பீங்கன்னு கேட்டத பக்கத்துல நின்னு பாத்தேன்.

சட்டம் பத்தின பகுதி சுருக்கமா, தெளிவா இருந்துச்சு: மலேசியாவோட 1994 ஓஷா (வேலையிட பாதுகாப்பு, சுகாதார) சட்டத்துல செஞ்ச திருத்தம் 2024 ஜூன் 1ல இருந்து நடப்புல இருக்கு, முதலாளிக்கு அதிகபட்ச ஃபைன் 50,000 வெள்ளியில (ரிங்கிட்) இருந்து 500,000 வெள்ளியாச்சு, டைரக்டர் மேலயும் நேரா கேஸ் போடலாம். இத கேட்டதும் சில பேரு நிமிர்ந்து உக்காந்தாங்க.

கொறைன்னா, எதையாச்சும் மாத்துறதுக்கு முன்னாடி யாரு பாக்கணும், யாரு கையெழுத்து போடணும்ங்கிற முக்கியமான பகுதிய ரெண்டாவது நாள் சாயந்தரம் அவசர அவசரமா ஓட்டிட்டாங்க, அதுக்கு அரை நாளாவது வேணும். அத விட பெரிய கொறை, ரூம்ல பாதி பேரு பாஸுக்கு பதிலா வந்த சேஃப்டி ஆபிசருங்க. பாவம், அவங்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும், பட்ஜெட்ல கையெழுத்து போடுற அதிகாரம்தான் இல்ல. பதிலுக்கு ஆள் அனுப்பக்கூடாதுன்னு நடத்துறவங்களே கண்டிஷன் போடணும்.

5க்கு 4 குடுப்பேன். அனுப்புறதா இருந்தா பிளான்ட் மேனேஜரையும் பைனான்ஸ் ஆளையும் ஒண்ணா அனுப்புங்க, ஷட்டவுன் மாசத்துல மட்டும் புக் பண்ணாதீங்க, பாதியிலயே போன் வந்து எழுந்து போயிடுவாங்க.